காஜா பெராங் வீட்டுக்கு நான் வரைந்த தூண்கள்

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்கு வந்த இரண்டாவது வருஷம், காஜா பெராங் சாலையில் இருந்த ஒரு பழைய வீட்டைப் பேங்காக மாற்றிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே மராமத்து ஆபீசில் பிளான் வரையும் குமாஸ்தா; இங்கே கிராணி என்பார்கள். துரைமார் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் ஓடிப்போன பிறகும் நானும் என் ஸ்கேலும் அதே மேஜையில்தான் இருந்தோம். சுவரில் ராஜா படம் இருந்த இடத்துக்குச் சூரியக் கொடி வந்தது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாக்காவிலும் மணி. இருட்டில் எழுந்து இருட்டில் குளித்து, "காலை ஏழரை ஆச்சு" என்று கொஞ்சமும் சிரிக்காமல் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போவோம்.

ஊருக்குள் வெள்ளைக்காரன் விட்டுப்போன பேங்குக் கட்டடங்களில் ராணுவம் புகுந்துகொண்டிருந்தது. ஜனங்களைப் பணம் சேமிக்கப் பழக்க வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றியதால், புதிதாக ஒரு பேங்கும் அதற்கு ஒரு மேனேஜரும் வந்து சேர்ந்தார்கள். மேனேஜருக்கு நாற்பது வயதிருக்கும். ராணுவக்காரர் அல்ல. தன் ஊரில் பேங்கில் வேலை பார்த்ததாகச் சொன்னார். என்ன வேலை என்று கடைசிவரை சொல்லவில்லை. அவருக்கு இருந்த பேங்கு ஞானத்தை வைத்துப் பார்த்தால், வாசலில் குடை வாங்கி வைக்கும் வேலையாக இருந்திருக்கலாம். சட்டைப் பையில் ஒரு தபால் அட்டை வைத்திருந்தார். அதில் கல் தூண்களோடு மலை மாதிரி ஒரு கட்டடம். அதை என் மேஜையில் வைத்து, சந்தையில் பேசும் கொச்சை மலாயில், "இது மாதிரி வேணும். ஒரு மாசம்" என்றார்.

"சிமெண்டு?" என்றேன்.

"இல்லை."

"இரும்பு?"

"இல்லை. ஆன்மா இருக்கு" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

அவர் தேர்ந்தெடுத்த வீடு ஒரு செட்டிக் குடும்பத்துடையது. மலாக்காச் செட்டிகள் தமிழ்நாட்டு வம்சம்தான். பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் முழுக்க மலாய், அதை இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். அந்த வீட்டை ஏலக்காயும் கிராம்பும் விற்றுச் சம்பாதித்த ஒருவர் மூன்று தலைமுறைக்கு முன்னால் கட்டியிருந்தார். முகப்பு இருபதடி அகலம்தான், உள்ளே போனால் நூற்றைம்பதடிக்கு நீண்டுகொண்டே போகும். வாசலில் ஐந்தடி நடைபாதை, நிலைக்கு மேல் மாவிலைத் தோரணம். முன்கூடத்துக்கும் இரண்டாம் கூடத்துக்கும் நடுவே தரையிலிருந்து உத்தரம்வரை தேக்கில் செதுக்கிய ஒரு மறைப்பு. சீனத் தச்சர்கள் செய்தது, ஆனால் அதில் மயிலும் மாங்காயும் இருந்தன. அதைத் தாண்டினால் வானம் திறந்த முற்றம். நாலு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, மழைத்தண்ணீர் முழுவதும் அந்தக் கருங்கல் பள்ளத்தில் கொட்டி, கீழே இருக்கும் கால்வாய் வழியாக வெளியேறும். வெயில் நேரத்தில்கூட அந்த வீட்டுக்குள் நுழைந்தால் ஈரத்துணியை முகத்தில் போட்டது மாதிரி இருக்கும். மூன்று தலைமுறையாக யாரும் விசிறி வாங்கவில்லையாம்.

வீட்டுக்குச் சொந்தக்காரி ஒரு விதவை. ஐம்பது வயதிருக்கும். எப்போதும் பாஜு பாஞ்சாங் என்ற நீளச் சட்டை, இடுப்பில் கட்டம் போட்ட சாரோங், வெற்றிலை போட்ட வாய். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மரியாதையாகப் பீபி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வீட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று ஜப்பான் எழுத்தில் எழுதிய தாளை மேனேஜர் நீட்டினபோது, பீபி அதைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் எங்க போறது?" என்று கேட்டார். மேனேஜர் யோசித்துவிட்டு, பின்கட்டில் இருந்த சமையல்கட்டையும் ஓர் அறையையும் அவருக்கு விட்டார். கருணையால் அல்ல. கூட்டிப் பெருக்க ஆள் வேண்டியிருந்தது. தன் வீட்டைத் தானே பெருக்குவதற்கு அந்த அம்மாளுக்கு அனுமதி கிடைத்தது.

எனக்குத் துணையாகச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங்கிலிருந்து ஒரு தச்சர் வந்தார். பீபியின் புருஷன் வழியில் தூரத்து உறவு. அதிகம் பேசமாட்டார், பேசினால் உளியால் செதுக்குவது மாதிரி இருக்கும். வீட்டை முதல் நாள் சுற்றிக் காட்டியது அவர்தான். மாடிக் கூடத்தில் தரைப்பலகை ஒன்றைத் தூக்கினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுர ஓட்டை. குனிந்து பார்த்தால் நேர் கீழே முன்கூடத்து வாசல் தெரிந்தது.

"யார் வராங்கன்னு பொம்பளைங்க மேலேர்ந்து பாக்கறதுக்கு" என்றார் தச்சர்.

பின்னால் வந்த பீபி சிரித்தார். "நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இதுலதான் உலகத்தப் பாத்தேன். எல்லாருக்கும் உச்சந்தலைதான் தெரியும். எங்க வீட்டுக்காரருக்கு வழுக்கை விழறத ஊர்லயே முதல்ல பாத்தது நான்தான்."

மேனேஜருக்கும் ஓட்டை பிடித்துப்போயிற்று. தன் மேஜையை அதற்குப் பக்கத்தில் போடச் சொன்னார். கீழே இருக்கும் கிராணிகள் வேலை செய்கிறார்களா என்று பார்க்கலாமே.

வேலை தொடங்கியது. முதலில் தூண்கள். கல்லும் இல்லை, சிமெண்டும் இல்லை, தபால் அட்டை மட்டும் இருந்தது. நான் இரண்டு தூண்கள் வரைந்தேன். வட்டச் சட்டங்களைச் சுற்றிப் பலகை அடித்து, மேலே சாக்குத்துணி ஒட்டி, சுண்ணாம்பு பூசி, கல் மாதிரி கோடு போடுவது. ஐந்தடி நடைபாதையில், வாசலுக்கு இரண்டு பக்கமும் நின்றன. மேல்மாடியைத் தாங்கியது பழைய செங்கல் தூண்தான். என்னுடையவை எதையும் தாங்கவில்லை, மேனேஜரின் கௌரவத்தைத் தவிர. அவர் தெருவின் எதிர்ப்பக்கத்தில் போய் நின்று, தபால் அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒப்பிட்டுப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்தது தேக்கு மறைப்பு. கவுண்டர் செய்யப் பலகை வேண்டும், ஊரில் கிடைத்த கொஞ்சம் பலகையும் தூண்களுக்கே போய்விட்டது. "இதை வெட்டு" என்றார். தச்சர் ரம்பத்தை எடுத்தவர் அப்படியே நின்றார். பீபி பின்கட்டுக் கதவில் நின்றிருந்தார். தச்சர் என்னைப் பார்த்தார். நான் என் தாளைப் பார்த்தேன். அதில் கவுண்டர் மூன்றடி உயரம், பதினாலு அடி நீளம் என்று என் கையாலேயே அழகாக எழுதியிருந்தது. சாயந்தரத்துக்குள் மயில்கள் எல்லாம் இடுப்பளவுக்கு வந்துவிட்டன.

மூன்றாவது முற்றம். அண்ணாந்து பார்த்து மேனேஜர் பதறிப்போனார். "பேங்குக்குக் கூரையில ஓட்டையா! திருடன் வருவான்!"

"அது காத்துக்கும் மழைத்தண்ணிக்கும் வச்ச வழி. நாலு கூரைத் தண்ணியும் இங்கதான் விழும்" என்றேன்.

"மூடு. பள்ளத்துல மண் போடு. அங்க ரெண்டு மேஜை போடலாம்."

"தண்ணி எங்க போகும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த கேள்விக்குப் பதில் கையால் வரும் என்று புரிந்தது. நான் வரைந்தேன். தெரிந்தே வரைந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எரிந்துபோன ஒரு கிடங்கிலிருந்து துருப்பிடித்த தகரம் வந்தது. முற்றத்தின் மேல் அதை மூடினோம், கீழே பள்ளத்தில் மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தினோம். கால்வாய் மண்ணுக்குள் போயிற்று. அன்று மத்தியானமே அந்த வீட்டுக்குள் வெந்நீர் அண்டாவுக்குள் நிற்பது மாதிரி இருந்தது. மேனேஜர் ஒரு விசிறி வாங்கினார்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், தூணுக்கு வண்ணம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். இடது தூணின் அடியில், சுவர்ப் பக்கமாக, நான் வரையாத ஒரு சின்னக் கதவு இருந்தது. கோடு தெரியாமல் அவ்வளவு சுத்தமான வேலை. விரலால் அழுத்தினேன், திறந்தது. உள்ளே துணிப்பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றை விரலால் தொட்டதும் தெரிந்துவிட்டது. அரிசி.

அப்போது அரிசி என்றால் உயிர். பங்கீட்டுக் கடையில் கிடைத்த கைப்பிடி அரிசியில் பாதி கல், பாதி சுண்ணாம்பு. மற்ற நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்குதான். என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். கிழங்கைப் புட்டாகவும் தோசையாகவும் களியாகவும் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, சாப்பிட முடியாமல் அழுவாள். அளவுக்கு மேல் அரிசி வைத்திருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

கதவை மூடிவிட்டுத் தச்சரைத் தேடிப் போனேன். பின்கட்டில் உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

"நான் வரைஞ்சதுல கதவு இல்லையே" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "நீங்க வரைஞ்சது வெளிப்பக்கம். உள்பக்கம் காலியாத்தானே விட்டிருந்தீங்க."

அடுப்படியிலிருந்து பீபி வந்தார். அவருக்கு நாட்டுப்புறத்தில் கொஞ்சம் நெல்வயல் இருந்தது. குத்தகைக்காரர்கள் கொண்டுவரும் அரிசிக்காக அவருடைய சமையல்கட்டை இரண்டு தடவை சோதனை போட்டிருந்தார்கள்.

"இனிமேலும் வருவாங்க, தம்பி. என் அடுப்படியத் தோண்டுவாங்க, என் கட்டில் அடியில பாப்பாங்க. பேங்கு வாசல்ல, துப்பாக்கிக்காரன் சாஞ்சுக்கிட்டு நிக்கற தூண யார் வந்து பாப்பா?" பிறகு, "நீங்க காட்டிக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

"நான் எதையும் பாக்கல, பீபி."

"பாத்தீங்க. உங்க வீட்டுல மாசமா இருக்காங்களாமே, எத்தன மாசம்?"

"ஆறு."

மறுநாள் என் குடையை விரித்தபோது உள்ளிருந்து ஒரு சின்னத் துணிப்பை விழுந்தது.

விழா நாளில் ராணுவத்துப் பெரிய அதிகாரி காரில் வந்தார். சுற்றுவட்டாரத்து வியாபாரிகளை எல்லாம் வரச்சொல்லி உத்தரவு. அழைப்பிதழ் இல்லை, உத்தரவுதான். முதலில் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் திசை நோக்கி எல்லாரும் குனிந்து வணங்க வேண்டும். அந்த வீட்டில் அந்தத் திசையில் இருந்தது பின்கட்டுக் குளியலறை. பீபி அங்கே துணி அலசிக்கொண்டிருந்தார். அதிகாரி, மேனேஜர், நான், நாற்பது வியாபாரிகள், எல்லாருமாகச் சேர்ந்து இடுப்பை வளைத்து அந்தப் பக்கம் பார்த்து வணங்கினோம். பீபி நிமிர்ந்து பார்த்தார். பாவம், பதிலுக்கு அவரும் லேசாகக் குனிந்தார்.

அதிகாரி பேசத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் வானம் கறுத்தது. மலாக்கா மழைக்கு முன்னறிவிப்பு எல்லாம் கிடையாது. முதலில் தகரத்தில் பறை அடிப்பது மாதிரி சத்தம். அதிகாரி குரலை உயர்த்தினார். மழையும் உயர்த்தியது. நாலு கூரைத் தண்ணீரும் வழக்கமான இடத்தைத் தேடி வந்து, தகரம் குறுக்கே கிடப்பதைப் பார்த்து அதன்மேல் தேங்கியது. தகரம் நடுவில் வயிறு தள்ளுவதை நான் பார்த்தேன். தச்சரும் பார்த்துவிட்டு, மெதுவாக இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். சேமிப்பு பற்றிய வாக்கியம் ஒன்றின் நடுவில் அது பிளந்தது. அருவி விழுவது மாதிரி ஒரே கொட்டு. கிராணிகளின் இரண்டு மேஜைகளும் நனைந்தன. புதுக் கணக்குப் புத்தகங்கள் மிதந்தன. கால்வாய் அடைபட்டுக் கிடந்ததால் தண்ணீர் முழுவதும் முன்கூடம் வழியாக, அதிகாரியின் பூட்ஸைத் தாண்டி, ஐந்தடி நடைபாதைக்கு ஓடியது.

அதிகாரி காரில் ஏறிப் போனார். கார் கண்ணிலிருந்து மறைந்ததும் மேனேஜர் திரும்பி என்னை அறைந்தார். இடது கன்னத்தில் இரண்டு, வலது கன்னத்தில் ஒன்று. வியாபாரிகள் முன்னால், தச்சர் முன்னால். கன்னம் எரிந்தது. ஆனால் எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அது வெளியே வந்தால் தலை போய்விடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, ஜப்பான்காரர்கள் சரி என்பதற்குச் சொல்லும் "ஹை"யைச் சொல்லிக் குனிந்தேன்.

மறுநாள் தகரத்தை எடுக்கச் சொன்னார். மண்ணையும் வாரச் சொன்னார். முற்றம் பழையபடி திறந்தது, காற்று வந்தது. மேலிடத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கையை எங்கள் ஆபீஸ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார். உள்ளூர்க்காரர்களின் இருண்ட வீட்டில், ஜப்பானிய முறைப்படி, நவீனக் காற்றோட்டத் துவாரம் ஒன்றை மேனேஜரே வடிவமைத்து அமைத்திருந்தாராம்.

தண்ணீர் போன வழியை நான் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் வாசல் சிப்பாய் மூக்கைச் சுளித்தான். நாலாம் நாள் தூணிலிருந்து நகர்ந்து நின்றான். ஐந்தாம் நாள் மேனேஜர் கீழே வந்து முகர்ந்தார். இடது தூணின் அடிப்பைகள் ஊறி, புளித்த கள் மாதிரி நாறிக்கொண்டிருந்தன.

"எலி செத்திருக்கு. உடைச்சுப் பார்" என்றார். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையைத் தூக்கினான்.

கவுண்டர் பக்கம் துடைத்துக்கொண்டிருந்த பீபியின் கை நின்றுபோனது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"உடைக்கலாம். ஆனா தெருவுல ஆள் போறாங்க. உள்ள வெறும் கூடுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். பேங்குத் தூண் பொய்த்தூண்னு சொல்லுவாங்க."

மேனேஜர் தெருவைப் பார்த்தார். எதிர்க்கடையில் இரண்டு பேர் ஏற்கெனவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காது சிவந்தது.

"பின்னால கொண்டுபோய்ப் பழுது பாத்துட்டு நாளைக்கே வச்சிடறோம்" என்றேன். "கல்தூண் மாதிரியே, கனமா இருக்கற மாதிரி தூக்கிட்டுப் போறோம்."

அது அவருக்கு மிகவும் பிடித்தது. "கனமா" என்று திரும்பச் சொன்னார். சிப்பாயையும் கைகொடுக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

சிப்பாய், தச்சர், இரண்டு கிராணிகள், நான், ஐந்து பேர். நடிக்கத் தேவையே இருக்கவில்லை. உள்ளே ஒரு மூட்டைக்கு மேல் அரிசி. கிராணிகளில் ஒருவன், "பலகைக்கு இவ்வளவு கனமா?" என்று முனகினான். "ஈரம்" என்றார் தச்சர். முன்கூடத்தைக் கடக்கும்போது என் கையில் சிகரெட் சாம்பல் விழுந்தது. அண்ணாந்தேன். மாடித் தரையின் சதுர ஓட்டையில் ஒரு கண்.

"மெதுவா! மெதுவா!" என்றது அது. "நல்லா இருக்கு! இன்னும் கனமா!"

வெட்டுப்பட்ட மயில்களைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றி, பீபியின் சமையல்கட்டில் கொண்டுபோய் இறக்கினோம். சிப்பாய் கையைத் தட்டிக்கொண்டு, நாற்றத்துக்குப் பயந்து ஓடியே போனான். கதவைச் சாத்தினதும் பீபி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நிமிஷம்வரை கல் மாதிரி இருந்த முகம். இப்போது தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. சத்தம் வெளியே போகாமல் துணியை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அடிப்பைகள் நாலு வீணாயின, மற்றவை தப்பின. ஓரளவு கெட்டதைப் பீபி கழுவி, பின்முற்றத்தில் துணிகளுக்கு அடியில் காயவைத்தார். தச்சர் ஒரு செத்த எலியை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து, வாலைப் பிடித்து மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மேனேஜர் விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு, தன் மூக்கு சரியாகச் சொன்னதை எல்லாருக்கும் நினைவூட்டினார்.

என் பங்கு இரண்டு படி. மனைவி கஞ்சி வைத்து ஒரு வாய் குடித்தாள்.

"என்னாங்க, இதுல நாத்தம் அடிக்குதே."

"பேங்குல இருந்துச்சு."

"அதான்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை வழித்துக் குடித்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

பேங்கு அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் நடந்தது. பணம் போடச்சொல்லி உத்தரவு வந்ததால் ஜனங்கள் ஜப்பான்காரர்கள் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். திரும்பக் கேட்கும்போது தரவேண்டும் என்ற பகுதி மேனேஜருக்குக் கடைசிவரை புரியவில்லை. சண்டை முடிந்த செய்தி வந்த வாரம், அவரும் சிப்பாயும் ஒரு லாரியில் ஏறினார்கள். நான் வாசல் நடைபாதையில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் குனிந்தார். பழக்கதோஷத்தில் நானும் குனிந்துவிட்டேன். அதற்காக இரண்டு நாள் என்மேலேயே எனக்குக் கோபம்.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்ததும், சேதமான வீடுகளுக்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். வீடு முன்பு எப்படி இருந்தது என்று பிளான் வைக்க வேண்டும். பீபி அதை எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார்.

"நீங்கதானே அளந்தீங்க, தம்பி. வரைஞ்சு குடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்த வீட்டை ஒருநாளும் அளக்கவே இல்லை. கவுண்டருக்கு எவ்வளவு, மேஜைக்கு எவ்வளவு என்றுதான் அளந்திருந்தேன். இருந்த வீட்டின் ஒரு கோடுகூட என் தாளில் இல்லை. காகிதத்தை விரித்துப் பென்சிலை எடுத்தேன்.

"மறைப்புல எத்தன மயில், பீபி?"

"ஆறு."

"எல்லாம் ஒரே பக்கம் பாத்தா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதை வெட்டும்போது முன்னால் நின்றவன் கேட்கிற கேள்வியா இது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வாசல் நிலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் வரைந்தேன். தப்பாக வரைந்த இடத்தில் எல்லாம் விரலால் தட்டி அழிக்கச் சொன்னார். மூன்று நாள் ஆயிற்று.

நஷ்டஈடு வரவில்லை. போதுமான ஆதாரம் இல்லை என்று ஆறு மாதம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. பீபி அதை என்னிடம் படிக்கக் கொடுத்தார், படித்துச் சொன்னேன். ஜப்பான்காரன் தாளைவிட இந்தக் கடிதத்தில் எழுத்து பெரிசாக, நன்றாக இருக்கிறது என்றார். முன்கூடத்தை ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்கட்டிலேயே இருந்தார்.